வீட்டுக்கடன் கட்ட முடியவில்லையா? முதலில் கவரைப் பிரியுங்கள்: ஓசூர் வட்டாரத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடன் பாக்கிக்காக வங்கி அனுப்பும் பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் கேஸ் நிற்காது என்று எங்கள் லேஅவுட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள். தபால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பியதும் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்விடுவார். சின்னப் பிள்ளை வாசலுக்கு வந்து, "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லும். சட்டத்தில் இதற்கு மதிப்பே கிடையாது. வாங்க மறுத்த தபாலும் சேர்ந்த தபாலாகவே கொள்ளப்படும். தேவைப்பட்டால் கதவில் ஒட்டுவார்கள், நாளிதழில் போடுவார்கள். பதில் எழுதக் கிடைத்த நாட்களில் பத்து நாள் வீணாகப் போனதுதான் மிச்சம்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. சிப்காட்டில் ஓ.டி. நின்றுபோன வருடம், இரண்டு கவர்களைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் கரன்ட் பில்லுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் செருகி வைத்திருந்தவன்தான். கடைசியில் ராயக்கோட்டை ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுப் பாக்கியைக் கட்டினேன். வீடு தப்பியது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதும், அப்புறம் அக்கம்பக்கத்தார் காகிதக் கட்டோடு வரும்போது கூடப் போய்த் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், எந்த நாளுக்குள் போக வேண்டும் என்று சொல்ல முடியும், அவ்வளவுதான்.

முதல் வேலை: ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்

மத்திகிரி, பாகலூர் ரோடு, தளி ரோடு என்று ஓசூரைச் சுற்றி வீடு கட்டியவர்கள் ஒரே ஒரு கடனோடு இருப்பது அபூர்வம். வங்கியில் வீட்டுக்கடன் இருக்கும். மேல்வேலைக்குப் பர்சனல் லோன், கிரகப்பிரவேசத்துக்குக் கிரெடிட் கார்டு. அது போதாமல் புரோநோட்டில் வாங்கியது, ஏலச்சீட்டை முன்கூட்டியே எடுத்தது, வீட்டுக்காரம்மா பேரில் வாரக் குழுக் கடன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யாரிடம், எவ்வளவு பாக்கி, எத்தனை ட்யூ விட்டுப்போயிருக்கிறது, அவர்கள் கையில் நம்முடையது என்ன இருக்கிறது. வீட்டுப் பத்திரமா, நகையா, தொகை எழுதாத செக்கா, வெறும் கையெழுத்தா? இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம்.

ஏனென்றால் நாம் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்குப் போகிறது சம்பளப் பணம். வங்கி மாதத்துக்கு இரண்டு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறது. ஆனால் கோர்ட் படி ஏறாமலேயே வீட்டை எடுக்கும் அதிகாரம் அந்தச் சும்மா இருப்பவரிடம்தான் இருக்கிறது. புரோநோட்டு வைத்திருப்பவர் வீட்டைத் தொட வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டு, அமீனாவைக் கூட்டி வர வேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம். ஆகவே பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், வீட்டுச் செலவு போக மிச்சம் வீடு அடமானம் இருக்கும் கடனுக்கு. மற்றவர் திட்டுவார். திட்டட்டும்.

கூடவே உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையையும் ஒருமுறை எடுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் மறந்தே போன ஜாமீன் கையெழுத்து அதில் உட்கார்ந்திருக்கலாம். ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றுதான்.

கடன் வாங்கியவர் இறந்துபோய்த் தவணை நின்றிருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் கடன் வாங்கிய நாளின் காகிதங்களில் காப்பீடு ஏதாவது எடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

90 நாள் ஆவதற்குள்

ட்யூ விட்டுப்போய் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். வங்கிக்காரர்கள் பேச்சில் 'என்.பி.ஏ.'. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை கிளை மேலாளரால் உங்களுக்கு ஏதாவது செய்ய முடியும். அந்தப் பக்கம் போனால் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது.

இந்தக் காலத்தில் கேட்கக்கூடியவை: தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, பழைய முறை வட்டியில் கடன் இருந்தால் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்றுவது, குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது. கடைசியாகச் சொன்னது கணக்கு சுத்தமாக இருந்தால்தான் நடக்கும். மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டி முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது கேட்டால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

தவணைக் காலத்தை நீட்டுவதில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 22,493 ரூபாய். அதையே 25 வருடமாக்கினால் 20,980. மாதம் 1,513 ரூபாய் மிச்சம். ஆனால் கடைசிவரை கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 9 லட்சம் கூடும். ஆயிரத்தைந்நூறு ரூபாயில் உங்கள் பிரச்சினை தீர்கிறதென்றால் நீட்டுங்கள். வேலையே போய்விட்டது என்றால் இது மருந்தில்லை. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நிற்பீர்கள்.

பி.எஃப். பணத்தில் வீட்டுக்கடன் அடைக்க முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. கம்பெனி ஹெச்.ஆர். பிரிவில் கேளுங்கள். நான் இதைத் தாமதமாகத்தான் கேட்டேன்.

எதைக் கேட்டாலும் வாயால் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம், சம்பளம் குறைந்ததற்கான சீட்டு, என்ன கட்ட முடியும் என்ற தொகை. இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் கிளை சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் எதிரில் இருக்கும் தபால் நிலையத்துக்குப் போய் அதையே சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு இணைத்துவிட்டார்கள்). இவையெல்லாம் வங்கியின் விருப்பம்தான். உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் "நாங்கள் கூப்பிட்டோம், இவர் வரவே இல்லை" என்று நாளைக்கு யாரும் எழுத முடியாது.

ஆட்டோ டெபிட் திரும்புவதையும் லேசாக எடுக்காதீர்கள். பணம் இல்லாமல் மின்னணு முறைத் தவணை திரும்பினால், செக் திரும்பியது போலவே குற்ற வழக்குப் போட 2007-ஆம் வருட பணம் செலுத்தல் முறைகள் சட்டம் இடம் கொடுக்கிறது. நோட்டீஸ் வந்தால் 15 நாளில் கட்ட வேண்டும்.

இன்னொன்று. 90 நாள் தாண்டியபின் ஒரு ட்யூ கட்டினால் கணக்கு மீண்டுவிடும் என்று நினைக்கிறார்கள். மீளாது. நிலுவையில் இருக்கும் தவணையும் வட்டியும் முழுக்கக் கட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். நல்ல செய்தி, அதற்கு மொத்தக் கடனையும் அடைக்க வேண்டியதில்லை. நான் மனையை விற்றது இந்தக் கணக்கை நம்பித்தான்.

60 நாள் நோட்டீஸ்

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். 2002-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் 'சர்ஃபேசி' என்பார்கள். அதன் 13(2) பிரிவில் வரும் நோட்டீஸ், மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லும். படித்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அன்றைக்கே யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. கவரின் மேலேயே கிடைத்த தேதியை எழுதுங்கள். சமையலறைக் காலண்டரில் 60-ஆவது நாளைச் சுழியுங்கள்.

அப்புறம் நோட்டீசை மூன்று விஷயத்துக்காகப் படியுங்கள். தொகை சரியா? நீங்கள் கட்டிய ரசீதுகள் எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கின்றனவா? அபராதம் வட்டியோடு கலக்கப்பட்டிருக்கிறதா? தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வாங்கலாம், அதை வட்டி விகிதத்தில் ஏற்றவோ அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லிவிட்டது. சொத்து விவரத்தில் சர்வே எண், மனை எண் சரியா என்றும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் மூன்று நகர் இருக்கும்.

60 நாளுக்குள் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால், ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். 13(3ஏ) பிரிவு. வக்கீல் எழுதினால் நல்லது. இல்லையென்றால் நீங்களே எழுதலாம். கண்ணீர் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் 13(2) நோட்டீஸ் எனக்கு இந்தத் தேதியில் கிடைத்தது. கடந்த ஜனவரியிலும் மார்ச்சிலும் நான் கட்டிய இரண்டு தவணைகள் கணக்கில் வரவில்லை. ரசீது நகல் இணைத்துள்ளேன். கடன் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு அறிக்கையும், அபராதக் கட்டணத்தின் விவரமும் தேவை. நிலுவைத் தவணைகளை மூன்று மாதத்தில் செலுத்திக் கணக்கை முறைப்படுத்தத் தயாராக உள்ளேன். முதல் தொகையை இத்துடன் செலுத்தியுள்ளேன்."

கடைசி வாக்கியத்தில்தான் பலம். ஏதாவது கட்டியிருந்தால், பின்னால் எந்த மேஜைக்குப் போனாலும் அது பேசும்.

இந்த நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மனைவி பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்று பத்திர ஆபீஸ் வாசலில் யோசனை சொல்பவர்கள் உண்டு. அடமானம் சொத்தின் கூடவே போகும். முத்திரைச் செலவுதான் தண்டம்.

எல்லா இடத்துக்கும் இந்தச் சட்டம் பாயாது. விவசாய நிலத்துக்குக் கிடையாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிடையாது. கடனைப் பெரும்பகுதி அடைத்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விவசாய நிலம் என்ற வாதத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிறையப் பேர் எடுக்கிறார்கள், சிட்டாவில் இன்னும் புஞ்சை என்றுதான் இருக்கிறது என்பார்கள். மனை பிரித்து வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு அதைச் சொன்னால் எடுபடுவது கஷ்டம். உண்மையிலேயே மாந்தோப்போ பூந்தோட்டமோ நடக்கும் நிலம் என்றால் அது வேறு.

கதவில் ஒட்டிவிட்டார்கள் என்றால்

60 நாள் முடிந்து, அடுத்து வருவது சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் காகிதம். முதலில் பெயரளவுக்கு: கதவில் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழில், அதில் ஒன்று தமிழில், போடுவார்கள். நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். நிஜமாக வெளியேற்ற, கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நீதிமன்ற நடுவரிடமோ 14-ஆம் பிரிவில் வங்கி மனுப் போடும். அங்கே உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். 'கோர்ட்டில் என்னைக் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று காத்திருந்து மோசம் போனவர்கள் உண்டு.

உங்களைக் கேட்கும் இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், வக்கீல்கள் டி.ஆர்.டி. என்பார்கள். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவில் மனு. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தீர்ப்பாயம் கிடையாது; தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்று ஊர்களில்தான். வீடு இருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்தில் போடலாம், கடன் கணக்கு இருக்கும் கிளையின் எல்லையிலும் போடலாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தபோது பெங்களூருக் கிளையில் கடன் வாங்கி ஓசூரில் வீடு கட்டியவர்களுக்கு இது பெரிய வசதி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம்.

கட்டணம் ஒன்றும் பயங்கரமில்லை. 10 லட்சத்துக்குக் கீழே என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாயும், கூடுதல் லட்சம் ஒவ்வொன்றுக்கும் 250-ம். 25 லட்சத்துக்கு 8,750 ரூபாய் ஆகிறது. வக்கீல் செலவு தனி. தீர்ப்பாயம் வங்கி நடைமுறையைச் சரியாகச் செய்ததா என்று பார்க்கும். இடைக்காலத் தடை தருவதாக இருந்தால் பெரும்பாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லும். தோற்றுப் போய்ச் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும், அவர்கள் மனது வைத்தால் கால் பங்கு. ஆகவே முதல் மனுவையே ஒழுங்காகப் போடுங்கள்.

ஊர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், 34-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று அவரையே கேளுங்கள். அந்தக் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை. ஹைகோர்ட்டுக்கு நேராக ஓடுவதையும் உச்ச நீதிமன்றம் 2010-இலிருந்தே கண்டித்து வருகிறது.

ஏலம் அறிவிக்க 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், மதிப்பீட்டாளரை வைத்துக் குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும். கவனியுங்கள்: மொத்தப் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான். முன்பு ஏலம் முடிந்து கைமாறும்வரை இருந்தது, 2016-இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இது தெரியாமல் ஏலத்தன்று காலையில் மாமனாரிடம் வாங்கிய பணத்தோடு வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். பணம் கையில் இருந்தது. நாள் இல்லை.

நீங்களே விற்பது

இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். இருந்தாலும், தவணை இனி முடியாது என்று தெரிந்துவிட்டால் ஏலத்துக்கு விடாமல் நீங்களே விற்பதுதான் பெரும்பாலும் கையில் காசு மிஞ்சும் வழி. ஏலத்தில் வீட்டை 'இருப்பது இருக்கிற நிலையில்' விற்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா, வழக்கு இருக்கிறதா என்பதெல்லாம் வாங்குபவர் தலைவலி, அதனால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஏலத் தொகை கடனைத் தாண்டினால் மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டும். போதாவிட்டால் குறையும் பணத்துக்கு உங்கள்மேல் வழக்கு வரும். "சாவியை மேஜைல வெச்சுட்டு வந்துட்டேன், முடிஞ்சுபோச்சு" என்பது நம்மூரில் செல்லாது.

முறை எளிது. வங்கியிடம் இன்றைய தேதிக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் விற்கச் சம்மதமும் எழுத்தில். வாங்குபவருக்குக் கடன் இருப்பதை மறைக்காதீர்கள்; வில்லங்கச் சான்று போட்டால் பத்திரம் வங்கியில் ஒப்படைக்கப்பட்டது பளிச்சென்று தெரியும். ஒப்பந்தத்தில், அட்வான்ஸ் பணத்தில் இவ்வளவு நேராகக் கடன் கணக்குக்குப் போகும் என்று எழுதுங்கள். வாங்குபவரும் வங்கிக் கடன் போடுகிறார் என்றால் அவர் வங்கி நேராக உங்கள் வங்கிக்கு வரைவோலை கொடுத்துப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். புரோக்கரிடம் "ஏலத்துக்கு வரப் போகுது" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அன்றைக்கே சதுர அடிக்கு விலை இறங்கும்.

தீர்வுத் தொகை, லோக் அதாலத்

ஒரேமுறைத் தீர்வு, அதாவது ஓ.டி.எஸ்., பலர் கேட்பது. வாராக்கடனாகிக் கொஞ்ச காலம் போனபின் வட்டியில், அபராதத்தில் விட்டுக்கொடுத்து ஒரு தொகைக்கு முடிப்பது. நல்ல வீடு அடமானத்தில் இருக்கும்போது வங்கி அதிகம் இறங்கி வராது. அதற்கு என்ன அவசரம்? முதலில் நீங்கள் சொல்லும் தொகை, கையில் ஏற்கனவே இருக்கும் தொகையாக இருக்கட்டும். மூன்று தவணையில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாவது தவறினால், கொடுத்த சலுகை ரத்தாகி முழுத் தொகையும் திரும்ப நிற்கும். சிபிலில் 'முடிந்தது' என்று வராது, 'தீர்வு செய்யப்பட்டது' என்று வரும். அடுத்த கடன் சில வருடத்துக்குக் கஷ்டம். ஓ.டி.எஸ். கேட்டேன், கொடுக்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போவதிலும் பயனில்லை, இது உரிமை கிடையாது.

பேசுவதற்கு ஒரு நல்ல இடம் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஓசூரில் வட்டக் குழு. வழக்கு ஆவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அங்கே வங்கி சார்பில் முடிவெடுக்கக் கூடிய ஒருவர் வந்து உட்காருகிறார் என்பதே பாதி லாபம். கிளையில் நீங்கள் ஆறு மாதமாகப் பார்த்தவர் "மேலே கேக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் தவணைத் தேதிகளை வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போங்கள்.

இலவச வக்கீலும் அதே இடத்தில்தான். 1987-ஆம் வருடச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் இருப்பது பலருக்குத் தெரியும். தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது சிப்காட் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களுக்கு, வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டு மானத்தை வாங்கக் கூடாது. அழைப்பு நேரத்தைக் குறித்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 14448 எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். கடன் பாக்கி இருப்பதால் கத்தலையும் தாங்க வேண்டும் என்று இல்லை, இரண்டும் தனித்தனி.

கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம், சான்றிதழ் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் ஆட்களை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது.

கைக்கடனும் கிரயப் பத்திரமும்

வங்கியைவிட எனக்குப் பயம் இதுதான். தனியாரிடம் 5 லட்சம் கேட்டுப் போனால், "அடமானம்லாம் வேணாம், சும்மா ஒரு கிரய ஒப்பந்தம் போட்டுக்கலாம், பணம் குடுத்ததும் கிழிச்சுப் போட்டுடறேன்" என்பார். சில இடத்தில் நேராகக் கிரயமே எழுதி வாங்குகிறார்கள். சிலர் பவர் பத்திரம். அடமானமாக நினைத்துத்தான் எழுதினேன் என்று பின்னால் சொன்னால் போதாது. திருப்பிக் கொடுத்தால் சொத்தைத் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அதை அடமானமாகப் பார்க்கும். தனி வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் ஆகாது. ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே வில்லங்கச் சான்று போடுங்கள். வாங்கிய பணம், கட்டிய வட்டி எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தால் அந்த அறிக்கையோடு வக்கீலைப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்துவந்தவர்கள் இனிமேலாவது கணக்கில் போடுங்கள், வாட்ஸப்பில் "இந்த மாத வட்டி அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் வருடத் தமிழ்நாடு சட்டத்தில் குற்றம். மூன்று வருடம்வரை சிறை, 30,000 ரூபாய்வரை அபராதம். நியாயமான தொகையைக் கோர்ட்டில் கட்டிக் கடனை முடித்ததாகப் பதியவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. காவல் நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தால் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

புரோநோட்டு வழக்கில் சம்மன் வந்தால் போங்கள். போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். கடன் உண்மை, தொகையும் சரி என்றால்கூடப் போய், தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். தீர்ப்பிலேயே தவணை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சம்பளத்தைப் பிடித்தாலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் வீட்டை இப்படிப்பட்ட தீர்ப்புக்காக ஜப்தி செய்யக் கூடாது என்றும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு சொல்கிறது. அடமானம் வைத்த வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

மஞ்சள் கடுதாசி

கடைசியில் எல்லோரும் கேட்பது இது: "ஐ.பி. போட்டுட்டா?" அதாவது, என்னால் கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் திவால் மனுப் போடுவது. நம் ஊர்களில் இன்னும் 1920-ஆம் வருட மாகாண திவால் சட்டம்தான். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம், அந்தக் காலத்து வரம்பு.

ஆனால் வீட்டைக் காப்பாற்ற இது உதவாது. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் கையை ஐ.பி. கட்டாது; அது தன் பாட்டுக்கு ஏலம் விடும். உங்கள் மற்ற சொத்துக்கள் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். இரண்டு வருடத்துக்குள் மச்சான் பேருக்கு எழுதியதையும் ரத்து செய்யச் சொல்லலாம். வீடும் இல்லை, புரோநோட்டும் கார்டுக் கடனும் மலையாக இருக்கிறது என்பவருக்கு இது யோசிக்க வேண்டிய வழி. வீடு வைத்திருப்பவருக்கு இது கடைசி வரிசை.

முடித்தபின் மறக்கக் கூடாதவை

எந்த வழியில் முடித்தாலும் 'பாக்கி இல்லை' சான்று வாங்குங்கள். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தப்பால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. பத்திரக் கட்டை வாங்கும்போது மேஜையிலேயே பட்டியலோடு ஒவ்வொரு தாளாக எண்ணுங்கள். எனக்கு ஒரு தாய்ப்பத்திரம் வேறு யாருடைய உறையிலோ இருந்தது. எண்ணியதால் அன்றைக்கே கிடைத்தது. கொடுத்த வெற்றுச் செக்குகளையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வங்கி ஆளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பத்திர ஒப்படைப்பு ரத்துக்கான ரசீது ஆவணத்தைப் பதியுங்கள். பாதிப் பேர் இதை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்துப் பெண் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போதுதான் முழிக்கிறார்கள்; அதற்குள் கிளையே வேறு வங்கியோடு சேர்ந்துபோயிருக்கும். பதிந்து ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்துப் பாருங்கள். பழைய ஒப்படைப்பு அதில் அப்படியேதான் இருக்கும், அழியாது. அதற்குக் கீழே ரசீது என்று ஒரு புது வரி வந்திருக்க வேண்டும்.